ஒரு சாண் இடம்

வாசலில் கிடந்த பெண்கள் செருப்பை யாரோ ஒரு சாண் தள்ளி வைத்திருந்தார்கள்.

இரவு ஷிப்ட் முடிந்து, தொழிற்சாலை பஸ்ஸில் கழுத்து ஒடியத் தூங்கி, பாசிர் கூடாங் அடுக்குமாடியின் நான்காம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்த கில்பர்ட் அதைப் பார்த்தபடி நின்றான். அந்த வீட்டில் பெண்கள் கிடையாது. அவனும் ரூபேந்திரனும் மட்டும், ஆறு வருடமாக. செருப்பு அவன் அக்கா ஜாக்லினுடையது.

"ரெண்டு ஆம்பள சப்பாத்து மட்டும் கெடந்தததானே படம் புடிச்சு குரூப்புல போட்டானுங்க. இனிமே இதுவும் கெடக்கட்டும்டா," என்று வைத்துவிட்டுப் போயிருந்தாள். முப்பத்தெட்டு வயதில் கில்பர்ட்டுக்கு வாய்த்த மனைவி: ரப்பர், ஏழாம் நம்பர், ஊதாப் பூ.

பூனை தள்ளியிருக்கும். செருப்பைப் பழைய இடத்தில் வைத்தான்.

ஐந்து வாரங்களுக்கு முன், ஊரைச் சுத்தம் செய்யப்போவதாகச் சொல்லும் அந்தக் குரூப்பிலிருந்து இரண்டு பேர் கத்தியோடு வந்தார்கள். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வது அவர்களுக்கு அழுக்கு. ஆனால் அழுக்குக் காலோடு உள்ளே வரவில்லை. சப்பாத்தைக் கழற்றி, காலுறையை மடித்து அதற்குள் செருகிவிட்டு வந்துதான் ரூபேந்திரனை ஏழு முறை குத்தினார்கள். தலையில் நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்த கில்பர்ட் ஒருவனை மடக்கிப் பிடித்தான். வழுக்கி அவன்மேல் விழுந்தான் என்பதுதான் உண்மை. மற்றவன் வெறுங்காலோடு ஓடினான். இன்னும் கிடைக்கவில்லை.

"மரியாதை தெரிஞ்ச பையங்க லா," என்று ஆஸ்பத்திரியில் சிரிக்கப் பார்த்த ரூபேந்திரன், தையல் இழுத்ததும் நிறுத்திக்கொண்டான். இன்று அவன் வீடு திரும்புகிறான்.

ஆலைப் பக்கமிருந்து வந்த அழுகிய முட்டை வாடையும் வாளியிலிருந்து எழுந்த மருந்து நெடியும் கலந்து தொண்டையைக் கரிக்க, வேலைக்கும் பள்ளிக்கும் எல்லோரும் போய்விட்ட அந்த மாடியில் எங்கோ ஒரு குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருக்க, கில்பர்ட் தரையை மூன்றாவது முறையாகத் துடைத்தான். ஓடுகளின் இடுக்கில் ஒரு பழுப்புக் கோடு போக மறுத்தது. தரை காயட்டும் என்று கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, குப்பையைப் போடக் கீழே இறங்கினான். இரண்டு நிமிடம்தானே.

திரும்பி ஏறும்போது போன் அடித்தது.

"ரவுண்டானா தாண்டிட்டோம்டா," என்றாள் ஜாக்லின்.

பின்னாலிருந்து ரூபேந்திரன்: "தண்ணி சுட வைக்கச் சொல்லுங்கக்கா. ஆஸ்பத்திரி தேத்தண்ணி குடிச்சு நாக்கு செத்துப்போச்சு."

சிரித்துக்கொண்டே, வாசலைப் பார்க்காமலே உள்ளே நுழைந்து, இரும்புக் கதவையும் உள்கதவையும் பூட்டினான். ஐந்து வாரப் பழக்கம். தண்ணீரை வைத்தான். கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம். நடைபாதைப் பக்க ஜன்னலுக்கு ஓடினான்.

ரூபேந்திரன் இளைத்திருந்தான். இடது கையை ஆட்டினான். கில்பர்ட்டும் ஆட்டினான். பிறகு தற்செயலாகக் குனிந்தான்.

செருப்பு ஒரு சாண் தள்ளியிருந்தது.

அந்த இடத்தில் ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து. உள்ளே மடித்த காலுறை.

நடைபாதையில் யாருமில்லை. வீட்டுக்குள் வருபவர்கள்தான் சப்பாத்தைக் கழற்றுவார்கள்.

தண்ணீர் கொதித்து அடங்கியது. திறந்திருந்த ஜன்னல் கதவின் கண்ணாடியில் அவனுக்குப் பின்னால் இருந்த அறை தெரிந்தது. படுக்கையறைக் கதவு. திறந்து வைத்திருந்தான். சாத்தியிருந்தது.

"கில்பர்ட்," படிக்கட்டிலிருந்து ரூபேந்திரனின் குரல். "ஒரு படிக்கு ஒரு தையல் பிரியுது லா. பூட்டத் தொற."

சாவிக்கொத்து கையில் இருந்தது. இரண்டு பூட்டு, சாவியில்லாமல் உள்ளிருந்தும் திறக்காது. திறந்துவிடலாம். ஓடலாம். ஆனால் பின்னாலேயே உள்ளே இருப்பவனும் வருவான். ரூபேந்திரனால் ஓட முடியாது.

ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை விட்டு, சாவியை வீசினான். அது கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போனது. நான்கு மாடி கீழே சிமெண்டில் விழுந்து ஒலித்தது.

"அக்கா, அவன கூட்டிட்டுப் போ. மேல வராதீங்க."

காலடிகள் நின்றன.

"என்னடா வெளையாட்டு," என்றான் ரூபேந்திரன்.

கில்பர்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டான். திரும்பவில்லை. ஊதாப் பூவையே பார்த்தான்.

பின்னால், ஈரத்தரையில், வெறுங்கால் ஒட்டிப் பிரியும் சத்தம்.

நிதானமாக, இன்னொன்று.