ஏரிக்கரை நிறுத்தம்

இந்தக் கற்களை நான் நடவில்லையே. நேற்று மாலை கரையைச் சுற்றி வந்தபோதுகூட இவை இல்லை. கண்ணாடியில் தூசி படிந்திருக்கும். துடைத்தால் மறைந்துவிடும்.

அருளரசி முகக்கவசத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மறையவில்லை. ஏரிக்குள், கணுக்கால் ஆழத் தண்ணீரில், மஞ்சள் பூசிய எல்லைக்கற்கள் வரிசையாக நின்றன.

செவ்வாய் கிரகத்தில் திறந்தவெளியில் தங்கிய முதல் தண்ணீர் அது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் காற்றை அடர்த்தியாக்கினார்கள், துருவப் பனியைச் சூடேற்றினார்கள். கடைசியில் ஒருநாள் இந்தப் பள்ளத்தில் அது தானாக ஊறியது. அது நிற்குமா, வற்றுமா என்பதுதான் புவியியல் துறையில் அருளரசியின் முனைவர் பட்ட ஆய்வு. நிற்கும் என்று நிறுவியிருந்தாள். இன்று வாய்மொழித் தேர்வு.

கூஜாவில் தண்ணீர் மொண்டுகொண்டாள். பல்கலைக்கழகக் குவிமாடத்தின் வாசலில், எல்லோரையும் போல, உடையிலிருந்த ஈரமீட்பியைக் கழற்றித் தன் வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் பொதுத்தொட்டியில் கவிழ்த்தாள். நாளை அதுதான் யாருக்கோ காப்பி. தேர்வாளர்களுக்கு மாணவி தன் பங்கிலிருந்து ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் வைப்பது அங்கே மரியாதை. அவள் ஏரித் தண்ணீரை வடிகட்டி வைத்தாள். யாருடைய உடம்புக்குள்ளும் போய்வராத தண்ணீர்.

"மேடம், ஏரிக்குள்ள யாரோ கல்லு நட்டிருக்காங்க," என்று நெறியாளர் ஹெப்சிபாவின் காதருகே சொன்னாள்.

"தெரியும்மா. முதல்ல வைவா முடியட்டும்."

வெளித் தேர்வாளர் மாசிலாமணி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "அடடா! அப்ப இத்தனை நாளா நான் குடிச்சதெல்லாம் ஊரார் வேர்வைதானா?"

அறை சிரித்தது. அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அருளரசி தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு ஹெப்சிபா எழுந்தார்.

"இந்த ஏரியைப் பாதுகாக்கணும்னு அருளரசி பரிந்துரை பண்ணியிருக்கா. ஆட்சிக்குழு அதை அப்படியே ஏத்துக்கிட்டாங்க."

சுவரில் ஒரு வரைபடம் ஒளிர்ந்தது. அவள் அளந்து வரைந்த ஏரி. அதன் மேல், மஞ்சள் கற்கள் நின்ற இடத்திலேயே, ஒரு பெரிய கட்டடம். கீழே பெயர்: நீர்நிலைப் பாதுகாப்பு உயராய்வு மையம்.

அருளரசி வரைபடத்தின் அருகே போனாள்.

"ஏரி மேலயா, மேடம்?"

"வேற எங்கம்மா? சுத்திலும் பாறை. அது ஒண்ணுதான் சமதரை. குடையவே வேண்டாம், மண்ணைக் கொட்டினா போதும்."

"அப்ப தண்ணி?"

"பேரு இருக்குமே! வாசல்ல ஊர்தி நிக்கிற இடத்துக்கு 'ஏரிக்கரை நிறுத்தம்'னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். பூமியில நம்ம முன்னோர்களும் அப்படித்தானே செஞ்சாங்க. பழைய சென்னை வரைபடத்தை எடுத்துப் பாரு. எத்தனை ஏரி, எத்தனை குளம்! பேரை மட்டும் விட்டுடலை."

அவர் கேலி செய்யவில்லை. அந்த முகத்தில் ஏதாவது கள்ளம் தென்பட்டால் பிடித்துக்கொள்ளலாம் என்று அருளரசி தேடினாள். தெரிந்ததெல்லாம் அவள்மேல் இருந்த பிரியம் மட்டும்தான். அதுதான் அவளை அதிரவைத்தது.

"ஒரே ஒரு சின்னத் திருத்தம்," என்று ஹெப்சிபா, ஆய்வேடு திறந்திருந்த மின்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார். "முடிவுரையில 'நிரந்தர நீர்நிலை'ன்னு இருக்கு. அதை 'தற்காலிகத் தேக்கம்'னு மாத்திடு. இப்பவே கையெழுத்துப் போட்டுடறோம், டாக்டர் அருளரசி."

டாக்டர் அருளரசி. இந்தச் சொல்லுக்காகத்தான் தூசிப்புயலில் கரையிலேயே கிடந்தாள். இப்போது முதல்முறையாகக் காதில் விழுந்தபோது அது இனித்தது. ஏரி போகப்போகிறது என்று தெரிந்த பிறகும் இனிக்கிறதே என்று தன்னையே பயத்தோடு பார்த்துக்கொண்டாள்.

மாசிலாமணி காலி டம்ளரை நீட்டினார். "நீங்க பேசிக்கிட்டே இருங்க. எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

அருளரசி கூஜாவின் மூடியைத் திருகி மூடினாள்.

"இது ஏரிக்கே திரும்பப் போகணும், சார்," என்றாள். பிறகு ஆய்வேட்டுப் பலகையைத் தொடாமல், ஹெப்சிபாவைப் பார்த்து, குரலை உயர்த்தாமலே சொன்னாள்:

"நான் மாத்தலை, மேடம்."