கையுறைக்குள் ஒரு பம்பு

நிலவிலுள்ள புது அரியலூர்ப் பொறியியல் கல்லூரி மாணவர்கள், ஒரு பருவத்துக்கான பாடம் முழுவதையும் காலையில் பல் துலக்கும்போதே மண்டைக்குள் ஏற்றிக்கொண்டார்கள். காதுக்குப் பின்னால் பதித்திருந்த 'அறிவேற்றி' என்ற சில்லு அந்த வேலையைச் செய்தது. வாய் கொப்பளிப்பதற்குள் பட்டதாரி ஆகிவிடலாம். ஆனால் அலைவரிசை இருக்கும்வரைதான் பட்டதாரி.

சூரியப் புயல் அடித்தால் அலைவரிசை போய்விடும், கூடவே அறிவும் போய்விடும். போன புயலில் நகரத்துக்கே காற்றுத் தரும் பிராணவாயு பம்பு நின்றுபோனது. இறுதியாண்டு மாணவர்கள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"மேடம், இதுல ஸ்விட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டான் தீர்த்தகிரி. வகுப்பில் அவன்தான் முதல் மாணவன்.

அந்தக் கேள்வியைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டவர் பேராசிரியர் ஞானசௌந்தரி. பம்புப் பாடத்தை வடிவமைத்தவர். நகர மன்றம் அவருக்குக் கெடு வைத்தது. அடுத்த தேர்வு அலைவரிசையை அணைத்துவிட்டுத்தான் நடக்கும். மாணவர்கள் தேறாவிட்டால் பம்புத் துறையை மூடிவிட்டு, சௌந்தரியைப் பூமிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பூமியில் அவர் எடை ஆறு மடங்கு. முட்டிவலிக்காரரான சௌந்தரிக்கு அதை நினைத்தாலே அழுகை வந்தது.

ஆகவே விழுந்து விழுந்து ஒரு கலப்புப் பாடம் தயாரித்தார். பாதி திரையில், பாதி பம்பறையில். குட்டிக் குட்டிக் காணொளிகள், கலந்துரையாடல் பலகை, முடித்தவர்களுக்கு மின்னும் பதக்கம். மாணவர்கள் காணொளிகளைத் தூங்கும்போது வேகமாக ஓடவிட்டார்கள். பலகையில் ஒருவனின் அறிவேற்றி 'அருமையான கருத்து' என்று எழுத, இன்னொருத்தியின் அறிவேற்றி 'நன்றி தோழரே' என்று பதில் போட்டது. பம்பறைக்கு வந்தவர்கள் பம்போடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பங்கேற்பு நூற்றுக்கு நூறு என்று அறிக்கை வந்தது. சௌந்தரி முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்தார்.

மாதிரித் தேர்வன்று அலைவரிசையை அணைத்தார்கள். சற்று நேரத்தில், மேற்பார்வை எந்திரனான சிசுபாலன் தீர்த்தகிரியைத் தரதரவென்று இழுத்து வந்தது. அவனுடைய விண்வெளிக் கையுறையின் உட்புறம் முழுக்கப் பொடி எழுத்து. பிட்!

"என்னடா இது?"

"அறிவேற்றியத்தான் அணைச்சுட்டீங்களே மேடம். நான் வேற என்ன பண்றது?"

சௌந்தரி கையுறையைப் பிடுங்கிக்கொண்டார். "இப்ப எழுது, பாப்போம்!"

அவன் அழுதுகொண்டே எழுதினான். பம்பின் கடைசி வால்வுவரை எழுதினான். எதுவும் தப்பில்லை.

"எப்படிடா?"

"உள்ளங்கை அளவுக்குள்ள மொத்த பம்பும் அடங்கணும்ல மேடம்? எது முக்கியம்னு பாத்துப் பாத்து, அடிச்சு அடிச்சு எழுதினேன். அப்ப எப்படியோ மண்டைல ஏறிருச்சு." அவன் மூக்கை உறிஞ்சினான். "இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா உஷாரா இருந்திருப்பேன்."

சௌந்தரிக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மறுநாளே அறிவிப்புப் போட்டார்: பிட் எடுத்து வருபவர் மீது கடும் நடவடிக்கை. பிறகு சிசுபாலனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பரீட்சை நேரத்துல நீ ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு பூமிய ரசி."

"மேடம், நான் கண்காணிக்கப் பிறந்தவன்."

"பூமியக் கண்காணி."

செய்தி எப்படியோ கசிந்தது. பிறகென்ன, கல்லூரி முழுக்க ஒரே சுறுசுறுப்பு! கலந்துரையாடல் பலகையில் வாய் திறக்காதவர்கள், எந்த வால்வு முக்கியம் என்று கழிப்பறை வாசலில் சண்டை போட்டார்கள். பம்பறைக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து அளவெடுத்தார்கள். தேர்வில் அத்தனை பேரும் பம்பை அநாயாசமாக ஓட்டினார்கள். ஒருவரும் பிட்டை வெளியே எடுக்கவே இல்லை.

மகிழ்ந்துபோன துணைவேந்தர் ரகசியத்தைக் கேட்டார். சௌந்தரி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அங்கேதான் பிடித்தது சனி. அடுத்த பருவத்திலிருந்து 'பிட் தயாரித்தல்' கட்டாயப் பாடமானது. அதற்கு மதிப்பெண், காணொளி, பலகை, பதக்கம் எல்லாம் வந்தன.

முதல் வகுப்பிலேயே ஒருத்தி கை தூக்கினாள். "மேடம், போன வருஷ பிட் ஏதாவது மாடல் கிடைக்குமா?"

பின்வரிசையிலிருந்து சிசுபாலன் ஒருவனை இழுத்து வந்தது. பிட் எழுதும் வகுப்பில் பார்த்து எழுத, யாரோ எழுதிய பிட்டைச் சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்தான். அதை அவன் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

சௌந்தரி பெருமூச்சு விட்டார். நேராகப் பம்பறைக்குப் போய், கதவில் பெரிதாக எழுதி மாட்டினார்: 'மாணவர்கள் உள்ளே நுழையத் தடை. பம்பைத் தொட்டால் கல்லூரியை விட்டே நீக்கம்.'

"சிசுபாலா, நீ போய் பூமிய ரசி" என்றார்.

அவர் உணவகத்துக்குப் போய் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், பம்பறையிலிருந்து கடகடவென்று சத்தம் கேட்டது. உள்ளே இடம் போதாமல் வரிசை வராந்தாவரை வந்திருந்தது.