கடைவாயில் ஒன்று பாக்கி

செவ்வாய்க்கிழமை நரம்பை உருவி எடுத்த பல், வெள்ளிக்கிழமை காலை குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது அசைந்த மாதிரி இருந்தது. பல்லே அசைந்திருந்தால்கூட முனீஸ்வரி பயந்திருக்க மாட்டாள். பல்லுக்குள் ஏதோ அசைந்தது. தூக்கத்தில் புரண்டு படுப்பது போல, மெதுவாக, ஒரே ஒருமுறை.

“வேரு மூணையும் சுத்தம் பண்ணி மருந்து வச்சிருக்கேன்க்கா. இனி அது உசுரில்லாத பல்லு. அடுத்த செவ்வாய் வந்து அடைச்சுக்கிட்டா தப்பிச்சுரும்” என்று டாக்டர் ஜெபக்குமார் சொல்லியிருந்தார். தப்பிக்கத்தான் வேண்டும். இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன. வலப்பக்கம் மெல்ல இருப்பது இது ஒன்றுதான். இதுவும் போனால் நாற்பத்து மூன்று வயதில் கரைத்த சோறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் தெருவில் யார் வீட்டுக் குழம்பில் எத்தனை துண்டுக் கறி என்று தெரிந்து வைத்திருப்பவளுக்கு, தன் வீட்டுக் கறியை மெல்ல முடியாமல் போவது எவ்வளவு பெரிய கேவலம்!

பக்கத்து வீட்டு யோகேஸ்வரியிடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

“ஏட்டி, அது புழுதான். உன் வாய்க்குள்ள இருந்தா தெருச் சேதி பூரா தேடி வருமே, அத விட்டுட்டு எங்க போகும்?”

முனீஸ்வரி சிரித்தாள். வலது கன்னம் சிரிக்கவில்லை.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் அவள் கூமாப்பட்டிக்குப் போயிருந்தாள். பல்லில் புழு எடுக்கும் சுடலைமாடத்தி, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் கண்டங்கத்திரி விதைகளைப் போட்டு, கொட்டாங்கச்சியால் மூடி, பப்பாளித் தண்டு வழியாகப் புகையை அவள் வாய்க்குள் ஏற்றினாள். தொண்டைவரை கருகல் நெடி. பிறகு தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வாயைத் திறக்கச் சொன்னாள். வெள்ளை வெள்ளையாக இழைகள் மிதந்தன.

“ஏழு வந்திருக்கு தாயி. பெருசு ஒண்ணு உள்ளுக்க கெடக்கு. ஞாயித்துக்கெழம வா. அது வரைக்கும் ஊசி கீசி குத்த விட்டுறாத. குத்துனா கீழ எறங்கிரும்.”

முனீஸ்வரி மறுபடி போகவில்லை. அந்த முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த விதை ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்திருந்தாள். உள்ளே அதே வெள்ளை இழை! சூட்டில் வெடித்த விதையைக் காட்டிப் புழு என்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். கேட்டுவிட்டு ஜெபக்குமாரும் சிரித்தார்.

எதையும் எண்ணாமல் விட்டுப் பழக்கமில்லாதவளுக்கு இது மட்டும் ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை? சுடலைமாடத்தி இரும்பில் போட்டது ஆறு விதை. கிண்ணத்தில் விழுந்தது ஏழு.

செவ்வாய் மாலை நாலு மணிக்கு ராஜபாளையம் கிளினிக் நாற்காலியில் சாய்ந்தபோது, அவள் எல்லோரையும் சந்தேகத்தோடுதான் பார்த்தாள்.

“வலி இல்ல சார். உள்ள பெரளுது.”

“பல்லுக்குள்ள பெரள எடமேது, அக்கா?”

ஆனால் எக்ஸ்ரேயை ஏன் இரண்டு முறை எடுத்தார்? திரையை ஏன் சுவர்ப் பக்கம் திருப்பினார்? நர்ஸ் ஜெயசித்ரா ஏன் ஸ்டூலைப் பின்னால் தள்ளிப் போட்டாள்? கேட்பதற்குள் தாடை மரக்க ஊசி போட்டு, வாயின் மேல் பச்சை ரப்பர் ஷீட்டை இழுத்து மாட்டிவிட்டார்கள். அதன் ஓட்டை வழியாக அந்த ஒரு பல் மட்டும் வெளியே நின்றது. பேசியே பொழுதைக் கழித்த வாய் அடைபட்டது. மேலே இருந்த விளக்கின் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது.

மெல்லிய கம்பி ஊசியை டாக்டர் வேருக்குள் இறக்கினார். வேரின் அடியைத் தொட்டால் ஒலிக்கிற மெஷின் ஒன்றை அதில் கிளிப்பால் மாட்டியிருந்தார். முதல் வேர், பீப். இரண்டாவது, பீப்.

மூன்றாவது வேரில் சத்தமில்லை. ஊசி இறங்கியது. சத்தமில்லை.

“சித்ரா, இதவிட நீளமானது எடுங்க.”

“இருக்கதுலயே இதுதான் நீளம் சார்.”

கிளினிக் மருந்தின் கிராம்பு வாசனை போயிருந்தது. கருகல் நெடி. கூமாப்பட்டி நெடி.

டாக்டர் ஊசியை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். வலிக்கவில்லை. எதிர்ப்பக்கம் இழுபடுவது மட்டும் தெரிந்தது. தாடையிலிருந்து இல்லை. கழுத்துக்குள்ளிருந்து.

“ஏசப்பா” என்றார் ஜெபக்குமார், மிக மெதுவாக. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். சித்ரா கதவருகே நின்றாள்.

கண்ணாடியில் பச்சை ரப்பர். நடுவே ஒற்றைப் பல். அதில் குத்திட்டு நிற்கும் ஊசி. ஊசியின் மஞ்சள் பிடி.

யாரும் தொடவில்லை.

மஞ்சள் பிடி லேசாகத் திரும்பியது. இன்னொரு திருப்பு. ஊசி கீழே இறங்கத் தொடங்கியது.

மெஷின் ஒலித்தது.