பெருநாள் பங்கு

காலை 6.10. ஓமானின் இப்ரி நகருக்கு வெளியே இருக்கும் காட்டுப்பூனை வளர்ப்பகத்தின் நான்காம் கூண்டில் மணல்பூனைக் குட்டிகள் மூன்றும் விறைத்துக் கிடந்தன. பிறந்து இரண்டே மாதம். தாய் மட்டும் மூலையில் உட்கார்ந்து எல்லாரையும் முறைத்தது.

ஆறரைக்குச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்தது. ஏழுக்குக் குற்றவாளியே கிடைத்துவிட்டான்: பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹுமைத். விஷம் வைத்தானாம், மாலைக்குள் போலீஸாம். வளர்ப்பகப் பொறுப்பாளர் அபூ சைஃப் சொல்லிவிட்டால் எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது.

11.40. மஸ்கட்டிலிருந்து கால்நடை மருத்துவர் மௌஸா வந்தார். குட்டிகளை அறுத்துப் பார்த்தார்.

1.30. "விஷம் இல்ல. நுரையீரல் முழுக்க ஒட்டுண்ணி."

அபூ சைஃப் அசரவில்லை. "அதுவும் இவன் கொண்டுவந்ததுதான். வீட்டுல பூனைய மடியில வெச்சுக் கொஞ்சுறவன்."

மௌஸா திரும்பினார். "தினம் எத்தனை கூண்டுக்குள்ள போறே, ஹுமைத்?"

"ஆறுக்கும், டாக்டரம்மா. ஒரே செருப்போட."

"தீனி?"

"காடை. ஒரு வாரம் உறைய வெச்சுத்தான் குடுப்பேன்."

"லீவு போட்டியா?"

"ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூணு நாள். மூணு வாரம் ஆச்சு."

"அப்ப கூண்டுச் சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

ஹுமைத் தரையைப் பார்த்தான். வேலிக்கு வெளியே நின்ற எங்களுக்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

மௌஸா கூண்டுக்குள் குனிந்தார். குட்டி இருக்கும் கூண்டில் மணலைக் கிளறும் வழக்கமில்லை. மணல்பூனையோ தின்றது போக மிச்சத்தைப் புதைத்து வைக்கும். நான்கு விரல் ஆழத்தில் ஒரு விலா எலும்பு வந்தது.

"காடைக்கு இவ்வளவு பெரிய விலாவா, அபூ சைஃப்?"

மௌஸா எலும்பைத் தட்டி மணலை உதிர்த்தார்.

"செருப்புல வந்திருந்தா ஆறு கூண்டுமே சீக்காயிருக்கும். இது ஒரே கூண்டுக்கு வந்த பச்சை ஆட்டுக்கறி. உறைய வெச்சா ஒட்டுண்ணி செத்துடும். ஆனா பெருநாள் குர்பானிக் கறிய யாரு உறைய வெச்சுப் பங்கு வெப்பாங்க? அன்னிக்கே குடுத்துடுவோம். ஹுமைத் இல்லாதப்ப சாவி உங்க இடுப்புலதானே இருக்கும்."

அபூ சைஃப் ஒப்புக்கொண்டார். "ஒரு பங்கு வீட்டுக்கு, ஒண்ணு சொந்தத்துக்கு, ஒண்ணு இல்லாதவங்களுக்கு. பால் குடுக்கிற தாயாச்சேன்னு அந்த மூணாவதுல கொஞ்சம்... குட்டிங்களும் ஆசையா தின்னுச்சுங்க." பிறகு ஹுமைத்தைப் பார்த்தார். "நீ ஏன்டா சாவி எங்கிட்ட இருந்துச்சுன்னு சொல்லல?"

"பெரியவர் பேரைச் சொல்லித் தப்பிச்சான்னு தெரு பேசும்."

பேசியிருப்போம்தான்.

மௌஸா மருந்துப் புட்டியை நீட்டினார். "தாய்க்கு நாலு வாரம் குடுக்கணும். இல்லேன்னா அதுவும் தங்காது."

புட்டியை வாங்கியவர் அபூ சைஃப். கம்பியருகே போனதும் தாய்ப்பூனை சீறியது. அவர் இரண்டடி பின்வாங்கி, புட்டியை ஹுமைத்திடம் நீட்டினார்.

"என் கையால வாங்காது. நீயே போ, தம்பி."

ஹுமைத் உள்ளே போனான். அபூ சைஃப் வெளியிலேயே நின்றார்.