மறுமுனையிலிருந்து இரண்டு இழுப்பு

வினோதினி தன் லேப்டாப்பை இன்னும் திறக்கவே இல்லை. அதற்குள் புதுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏறத் தொடங்கியிருந்தது.

மரக்காணம் உப்பளத்து ஆபீஸ் அது. பென் டிரைவ்கூட வேண்டாம். நெட்வொர்க் ஒயரைச் செருகி ஆன் செய்தால், ஒன்றும் ஏற்றாத கம்ப்யூட்டர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும். முதலில் பதில் சொல்பவரை நம்பி, கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். பதில் சொல்ல வேண்டியது அவளுடைய லேப்டாப்.

சுவர் ஓட்டை வழியாக வந்து அதே நெட்வொர்க் பெட்டியில் செருகியிருந்த பழைய ஒயரைப் பார்த்தாள். அதன் மறுமுனை மோட்டார் கொட்டகையில் இருந்ததாம். போன புயலில், அங்கிருந்த சர்வரைத் தூக்கிவரப் போன டெக்னீஷியன் வெற்றிச்செல்வனோடு கொட்டகையும் போய்விட்டது. உடம்பு கிடைக்கிறவரை அவன் போட்ட ஒயரில் கை வைக்காதீர்கள் என்று வாட்ச்மேன் காசிலிங்கம் காலையிலேயே சொல்லியிருந்தார். வேலை செய்யாத ஒயர்தானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது பிடுங்கினாள். உப்பு இறுகி, வரவில்லை. கம்ப்யூட்டரின் பிளக்கை உருவினாள். திரை அணையவில்லை.

வெளியே ஒயர் போகும் வழியே போய் மறுமுனையில் வெட்டிவிடச் சொல்லிக் கணவன் சகாயராஜை அனுப்பினாள். ஒயர் போடுவது அவன், சிஸ்டம் ஏற்றுவது அவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். போட்டு முடித்ததும் மறுமுனையில் அவன் இரண்டு இழுப்பு இழுப்பான். இவள் ஓர் இழுப்பில் பதில் சொல்வாள்.

சாயங்கால வெயிலில் பாத்தி பாத்தியாக உப்பின் வெள்ளை கண்ணைக் கூசவைக்க, ஓட்டைக்குள் காற்று சீழ்க்கை அடிக்க, அழுகிய சேற்று வாடை அறையை நிறைக்க, வரப்பில் அவன் சின்னதாகிக்கொண்டே போவதை ஜன்னலில் பார்த்து நின்றாள். போன் அடித்தது.

"ஒயரு தண்ணிக்குள்ள போவுது, வினோ. இழுத்துப் பாக்கறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "உள்ளேர்ந்து யாரோ இழுக்கறாப்ல இருக்குது."

"ஏங்க, விட்டுட்டு வந்துடுங்க."

தண்ணீர்ச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

வரப்பில் யாரும் இல்லை.

திரையில் யூசர் பெயர்கள் வந்தன. வெற்றிச்செல்வன். அதன் கீழே, எழுத்தெழுத்தாக, சகாயராஜ்.

ஒயர் அசைந்தது. ஓர் இழுப்பு. இன்னோர் இழுப்பு.

அவன் கைதான். அதே வேகம், அதே இடைவெளி. உயிரோடு இருக்கிறான். ஓடிப்போய் ஒயரைப் பிடித்து, ஓர் இழுப்பு இழுத்தாள்.

மூன்றாவது பெயர் வரத் தொடங்கியது.

ஒயரை விடப் பார்த்தாள். முடியவில்லை. விரல்கள் மேல் உப்பு பூத்திருந்தது.