வெள்ளரியில் பதிந்த பல்

கடித்த தடம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இறங்கியிருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

பால்கனித் தொட்டியில் கணவன் வளர்க்கும் வெள்ளரியில் எதுவோ கொறித்துவிட்டுப் போவது புதிதல்ல. கொறித்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மகளோடு சேர்த்து மூவரும் பங்கு போட்டுத் தின்பது அந்த வீட்டில் பழகிப்போன ஒன்று. "மருந்தடிக்காத காய்னு அதுங்களே சர்டிபிகேட் கொடுக்குதுங்க" என்பான் அவன்.

அவள் பல் செட்டு செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். வேலை முடிந்த பிளாஸ்டர் பல் அச்சுகளை வீணாக்காமல் பையில் கொண்டுவருவாள். அவன் சுத்தியலால் பொடித்து மண்ணில் கலப்பான். அப்படிக் கலந்தால் தக்காளியின் அடி கறுக்காதாம். யாரோ வாய் திறந்து கொடுத்த பல்வரிசைகள், வெள்ளைத் தூளாக ஈர மண்ணுக்குள் போகும்.

அணில் பல் இவ்வளவு அகலம் கிடையாது. இது அரைவட்டம். மனிதக் கடி.

"ஏங்க, விளையாடாதீங்க. நீங்கதானே கடிச்சீங்க?"

"நான் என்ன ஆடா, செடியிலேயே வாய் வைக்க? வெட்டிக் குடும்மா, குட்டிக்குப் பசிக்குதாம்."

அவள் நம்பவில்லை. வெட்டி எறிய வேண்டிய துண்டைத் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அவன் பாதி தின்றுவிட்டு வைத்த ரொட்டியைத் திருட்டுத்தனமாகத் திருப்பிப் பார்த்தாள். நேரான வரிசை. அவன் இல்லை. மகளாகவும் இருக்க முடியாது. அவளுக்கு மேலே முன்பற்கள் விழுந்து, பல் தேய்த்துவிடும்போது வெறும் ஈறுதான் விரலில் படுகிறது.

கூடத்தில் யாரும் பார்க்காதபோது அந்தத் தடத்தில் பிளாஸ்டர் ஊற்றினாள். இறுகியதும் பிரித்தெடுத்தாள். கண்ணுக்குத் தெரியும் முன்பே கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது. உள்பக்கமாகத் திரும்பிய ஒரு பல், அதை ஒட்டி ஒரு பொக்கை. இதே வரிசையை அவள் பல நாள் தடவியிருக்கிறாள். செட்டு செய்யச் சொல்லியிருந்த, எப்போதும் புகையிலை மெல்லும் ஒரு கிழட்டு லாரி டிரைவருடையது. செட்டு தயாராகியும் அவர் வரவில்லை. மகன்தான் வந்து, "அப்பா போயிட்டாருங்க" என்றான். அவருடைய அச்சையும் அவள்தான் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் பார்க்கத்தான் கணவன் அதைப் பொடித்து வெள்ளரித் தொட்டியில் கலந்தான்.

எத்தனை நாளாக அந்த மிச்சத்தைத் தின்கிறோம்? குட்டியும்தானே.

வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கதவைத் திறந்ததும் ஈர மண் வாசனை. அதற்கடியில் பழைய புகையிலை நெடி. இந்த வீட்டில் யாரும் புகையிலை போடுவதில்லை.

கறுக்.

சாப்பாட்டு மேசையில் மகள், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் முழு வெள்ளரி. அடுக்களையிலிருந்து அவன் குரல்: "இன்னிக்கு ஒண்ணுமே கடிக்கலம்மா! முழுசாக் கெடைச்சுது!"

கறுக்.

வெள்ளரியில் புதுக் கடி. சாறு இன்னும் வடிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் ஆழம்.

"குட்டி... வாயைக் காட்டு."

மகள் திரும்பி, உதட்டை இறுக்கிக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள். மென்றாள். விழுங்கினாள்.

பிறகு சிரித்தாள்.

காலையில் வெறும் ஈறாக இருந்த இடத்தில், நீளமாக, புகையிலைக் கறையோடு, ஒரு பல் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது.