வேர்மானியில் தெரிந்த முகம்

காலையில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் அமலோற்பவம் மூன்று பொருள்களைச் சரிபார்த்துக்கொள்வாள்: வேர்மானிப் பெட்டி, அடையாள அட்டை, முகமூடி. முதல் இரண்டும் அரசாங்கம் கொடுத்தவை. மூன்றாவது அவளாக வாங்கிக்கொண்டது. தூசி ஒத்துக்கொள்ளாது என்று அலுவலகத்தில் சொல்லிவைத்திருந்தாள். தூசி என்ற பேச்சே இல்லாத மலைநகரத்தில் பதினாறு வருடமாக இதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

கரையோர ஊர்களைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு மலைமேல் எழுந்த ஊர் மேட்டுநகர். முப்பது மாடிக் குடியிருப்புகளில் கடற்கரைக்காரர்களையும் உள்நாட்டுக்காரர்களையும் கலந்து குடிவைத்தார்கள். முதல் வருடமே அடிதடி. எல்லாம் ஒரு வீட்டுத் தாளிப்பு இன்னொரு வீட்டு மூக்கில் ஏறியதால் வந்தது. கடைசியில் ஒரு சட்டம் போட்டார்கள். பக்கத்து வீட்டு வாடை பிடிக்கவில்லை என்று யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். ஆனால் கொடுத்தவர், அருவருப்பின் வேரைக் கண்டுபிடிக்கும் வேர்மானியின் முன் உட்கார்ந்தாக வேண்டும். அருவருப்பு உடம்பிலிருந்து வந்ததென்றால், அதாவது மூச்சிரைப்பு, ஒவ்வாமை மாதிரி ஏதாவது என்றால், சமைப்பவர் நிறுத்த வேண்டும். யாரோ முகம் சுளித்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டதென்றால், புகார்காரர் அதை நீக்கிக்கொள்ள வேண்டும். பத்து நிமிட வேலை. வலியும் கிடையாது.

அநேகமாக எல்லாமே கற்றதுதான். வேர்மானி, முதன்முதலில் சுளித்த அந்த முகத்தை நினைவிலிருந்து தோண்டி எடுத்துத் திரையில் காட்டிவிடும். அம்மா, சித்தப்பா, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரி, இப்படி யாராவது இருப்பார்கள். மூன்று வயதில் பார்த்த ஒரு சுளிப்பைத் தன் சொந்தச் சுவை என்று அறுபது வருடம் கட்டிக்காத்த பெரிய மனிதர்கள், அதைப் பார்த்து அசடு வழிவார்கள். அப்போது அமலோற்பவம் ஒன்று சொல்வாள்: "இது நீங்க இல்லைங்க. உங்க மேல யாரோ வச்சுட்டுப் போனது. எடுத்துட்டா போச்சு." அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கே ஒரு நிம்மதி வரும். அந்த வாக்கியம் யாரைவிடவும் அவளுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

அன்றைய புகார் பதினேழாம் மாடியிலிருந்து. பொருள், கருவாடு. கொடுத்தவர் திருவேங்கடம், ஓய்வுபெற்ற நில அளவையாளர். எதிர்த்தரப்பின் பெயரைக் கோப்பில் போடுவதில்லை, வீட்டு எண் மட்டும்தான். அவள் அந்த வீட்டு அழைப்புமணியை அழுத்தினாள். கதவைத் திறந்தது அக்கா பனிமயம்.

அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு நான்கு வருடமாக இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. அக்கா பதினைந்து வயது மூத்தவள். அம்மா இல்லாத வீட்டில் தங்கையைக் குளிப்பாட்டித் தலைவாரி வளர்த்தவள். போன வாரம்தான், கடலில் வீடிழந்தவர்களின் முகாமிலிருந்து இந்த வீட்டுக்கு மாற்றினார்களாம். தங்கைக்கு வேலை ஜாஸ்தி, சாமான் எல்லாம் அடுக்கிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தாளாம். சொல்லிக்கொண்டே இழுத்துக் கட்டிக்கொண்டாள். அடுப்பில் வாளைக் கருவாடு சுடுபட்டுக்கொண்டிருந்தது. அமலோற்பவம் முகமூடிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் தோளில் முகம் படாமல் நின்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா கோபப்படவில்லை. "எதிர்வீட்டு அண்ணாச்சிக்குப் பிடிக்கலன்னா விட்டுருதேன்ட்டி. இதுக்குப் போயி ஒன்ன அலைய வைக்கணுமா?" என்றாள். விடத் தேவையில்லை, சட்டம் உன் பக்கம் என்று அமலோற்பவம் விளக்கினாள். விளக்கும்போது குரலில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. திருவேங்கடம் சோதனைக்காக மாடிப் பொதுக்கூடத்துக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக, வந்திருப்பது தன் தங்கை என்று அறிவித்தாள்.

சோதனைக்கு ஒரு முறை உண்டு. புகார்காரர் உட்காருமுன் வேர்மானிக்குச் சுழியம் பிடிக்க வேண்டும். அதற்கு அந்த வாடையோடு வளர்ந்த ஒருவர், அலுவலகத்து ஆள், இரண்டு தரப்பும் பார்க்கத் தன் மூக்கை வைக்க வேண்டும். அவர் எண் பூஜ்யம் காட்டும். அதிலிருந்து மற்றவரை அளப்பார்கள். கருவாட்டுப் புகாருக்கெல்லாம் அமலோற்பவம் தன்னோடு வேலை பார்க்கும் பூங்கோதையைத்தான் உட்காரவைப்பாள். இன்று பூங்கோதை மகளுக்குக் காதுகுத்து. ஆகவே நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பெட்டியை மூடப் போனாள்.

"நீயே வையேன்ட்டி," என்றாள் அக்கா. "கருவாட்டுலயே வளந்தவ. ஒன்னவிட யாரு இருக்கா?"

"அதானுங்க அம்மிணி. ஒரே நடையா முடிஞ்சுட்டுப் போவுது," என்றார் திருவேங்கடம்.

மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. தன் அருவருப்பு பதினாறு வருடத்தில் தேய்ந்து போயிருக்கும் என்ற நப்பாசையும் இருந்தது. முகமூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். அக்கா ஒரு துண்டு கருவாட்டைத் தட்டில் கொண்டுவந்து நீட்டினாள்.

பூஜ்யம் வரவில்லை. திரையில் எழுத்துகள் வந்தன: அருவருப்பு, மிகை. வேர்: பதியம். சொந்த விருப்பத்தின் பேரில். பிறகு முகம் வந்தது. இருபத்திரண்டு வயது அமலோற்பவம், கண்ணாடிக்கு எதிரே மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் ஒரு பொட்டலம் அவிழ்ந்து கிடந்தது. பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட நூல் சேலைத் துணி.

பதியம் போடுவதை, அதாவது இல்லாத அருவருப்பைக் காசு கொடுத்து நட்டுக்கொள்வதை, இப்போது தடை செய்துவிட்டார்கள். அப்போது தனியார் நிலையங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. வேலைப் பயிற்சிக்காக மேட்டுநகர் விடுதிக்கு வந்த புதிதில், அக்கா முகாமிலிருந்து மாதாமாதம் பொட்டலம் அனுப்புவாள். தங்கைக்குப் பிடித்த துண்டுகள் மட்டும் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து மேலாக இருக்கும். அது வரும் நாளில் அறைத் தோழிகள் கைக்குட்டையில் வாசனைத் தைலம் தெளித்துக்கொண்டு வருவார்கள். ஒருத்தியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மூன்றாவது மாதம் அமலோற்பவம் நிலையத்துக்குப் போனாள். முதலில் பழைய விருப்பத்தை நினைவோடு சேர்த்துப் பிடுங்கினார்கள். பிறகு, அக்காவின் பொட்டலத்தை முன்னால் அவிழ்த்துவைத்து, கண்ணாடியைப் பார்த்து நாற்பது தடவை முகம் சுளிக்கச் சொன்னார்கள். அவள் நாற்பது தடவையும் ஒழுங்காகச் செய்தாள்.

அக்கா திரையில் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தாள். "அது எஞ் சேலைல்லா," என்றாள்.

பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். "அப்பா அடக்கத்தன்னைக்கு கருவாட்டு வாடை அடிக்கிற வீட்டுக்குள்ள வராம வாசல்லயே நின்ன. சளின்னு சொன்ன. அத்தன கூட்டத்துலயும் ஒனக்குக் கசாயம் வச்சுக் குடுத்தேன்."

அமலோற்பவத்துக்கு அந்தக் கசாயத்தின் சூடு கையில் வந்தது. தம்ளரை வாங்கிக்கொண்டு, இன்னும் இரண்டு தடவை பொய்யாக இருமியதும் நினைவு வந்தது. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. ஆனால் வாய் பழக்கத்தை விடவில்லை.

"அக்கா, அது நான் இல்ல. மேல வச்சது. எடுத்துட்டா போச்சு."

"சரி. வச்சது யாரு?" என்று கேட்டாள் அக்கா. கேட்டதில் குத்தல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

திருவேங்கடம் நல்ல மனிதர். அவ்வளவு நேரமும் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். இப்போது, தன்னுடையதைப் பார்த்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். விதிப்படியான சுழியம் இல்லாமலே அமலோற்பவம் வேர்மானியை முடுக்கினாள்; வேரை மட்டும் காட்ட அது தேவையில்லை. அவருடைய வேர் ஐந்து வயதில், ஒரு பேருந்தில், சந்தைக்கூடையோடு ஏறிய பெண்ணைப் பார்த்து அவருடைய அத்தை சுளித்த சுளிப்பில் இருந்தது. "அட, நம்ம அத்தை," என்று சிரித்தார். பத்து நிமிடத்தில் அது போய்விட்டது. தட்டில் இருந்த துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை நாள் சன்னலைச் சாத்தினேன் என்று தன்னைத்தானே நொந்துகொண்டார்.

சட்டம் அலுவலருக்கும் பொது. அமலோற்பவம் மறுபடி உட்கார்ந்தாள். அவளுடையதும் பத்து நிமிடத்தில் போனது. எழுந்திருக்கப் போனபோது திரை இன்னொன்றையும் காட்டியது: மீதம், வெட்கம். வேர்: கற்றது. நீக்கலாமா?

கீழே முகம் இருந்தது. சற்றுமுன் துணியைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் முகம்.

துறையின் கணக்குப்படி இதுவும் யாரோ ஒருவர் முகத்திலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். எத்தனையோ பேருக்கு இதையும் சேர்த்தே எடுத்துவிட்டு, லேசாக நடந்துபோங்கள் என்று அனுப்பியிருக்கிறாள். விரலால் ஒரு தடவை தொட்டால் போதும். நாளைக் காலை பதினெட்டாம் மாடிப் புகாருக்கு அதே வாக்கியத்தோடு போகலாம். அக்கா எதிரிலேயே நின்றாள். இதையும் எடுத்துவிட்டால் அக்காவுக்குத் தர வேண்டியது என்று தன்னிடம் ஒன்றுமே இருக்காது என்று தோன்றியது. 'வேண்டாம்' என்பதைத் தொட்டாள்.

அக்கா இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அமலோற்பவம் முகமூடி இல்லாமல் ஒரு கருவாட்டுச் சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குமட்டவில்லை. ஆசையும் வரவில்லை. நீக்கல், வைத்ததை எடுக்கும். அன்று நிலையத்தில் பிடுங்கிய விருப்பத்தைத் திருப்பி நடாது. அது வெறும் வாடையாக இருந்தது, முன்பின் தெரியாத ஊரின் வாடையாக. திருவேங்கடம் இது என்ன மீன், எந்தக் கடலில் கிடைத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா பொறுமையாகச் சொன்னாள். பிறகு கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள்.

"தலைப்பக்கம், நடுத்துண்டம், வால், எல்லாம் கெடக்கு. எது புடிக்கும்னு ரெண்டு பேரும் கூச்சப்படாம சொல்லுங்க."

திருவேங்கடம் நடுத்துண்டம் கேட்டு வாங்கிக்கொண்டார். அக்கா கரண்டியோடு தங்கையின் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள். எது தனக்குப் பிடித்திருந்தது என்று அமலோற்பவத்துக்குத் தெரியவில்லை. அது அக்காவுக்குத் தெரியும். அக்காவிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.